'ஒன்லி' எங்கே நிற்கிறது?

ஆங்கிலத்தில் நாம் சிறு வகுப்பிலேயே கற்கும் வினையடைகளுள் ஒன்று 'ஒன்லி'. அகராதியில் 'மட்டும்' என்று பார்த்துவிட்டு அப்பால் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

கடந்த விடுமுறையில் வாப்பாவின் கடைக்கு வந்த, கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் மருந்து உறையை நீட்டி, "என்னா போட்டிருக்குன்னு பாரு புள்ள" என்றார். 'ஒரு மாத்திரை, இரவில் மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் அவசரத்தில், "ஒண்ணு மட்டும் போடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் காலையில் பெரட்டுக்குப் போகுமுன் அதைப் போட்டுக்கொண்டு, நாள் முழுதும் மலையில் தூக்கக் கலக்கத்தோடு நின்றிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், விழவில்லை. சொல்லை நான் விட்டுவிடவில்லை. அதன் இடத்தைத்தான் மாற்றிவிட்டேன்.

அந்தச் சொல்லின் பயன்பாடுகளை இனிப் பார்ப்போம்.

1. பிரித்துக் காட்டல்: எந்தச் சொல்லை ஒட்டி நிற்கிறதோ, அதை மற்றவற்றிலிருந்து பிரிக்கும். 'பாத்திமா மட்டும் பாடம் படித்தாள்' என்றால் வேறெவரும் படிக்கவில்லை. 'பாத்திமா பாடம் மட்டும் படித்தாள்' என்றால் அவள் வேறெதையும் படிக்கவில்லை.

2. எல்லை கட்டல்: காசோலையில் 'ஆயிரம் ரூபா மாத்திரம்' என எழுதுவது, பின்னால் எவரும் எதையும் சேர்க்காதிருக்கவே.

3. அண்மைக் காலம்: 'ஒன்லி யெஸ்டர்டே' என்றால் 'நேற்றுத்தான்'.

4. கூட்டல்: 'நொட் ஒன்லி' என்று வந்தால் 'மட்டுமன்றி' எனப் பொருள்படும், 'பட் ஓல்ஸோ' பின்னால் வரும்.

5. ஏக்கம்: 'இஃப் ஒன்லி' என்றால், 'நான் நிதானமாக வாசித்திருந்தால்!' என்பது போன்ற கவலை.

6. பெயரடையாக வரும்போது 'ஒரே': ஒரே மகள், ஒரே வழி.

நாம் அடிக்கடி விடும் பிழை ஒன்றும் உண்டு. 'இன்றுதான் வந்தேன்' என்பதை 'ஐ கேம் டுடே ஒன்லி' என்று எழுதுகிறோம். நன்னூலார் ஏகார இடைச்சொல்லுக்குப் பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என 6 பொருள் கூறுகிறார். நம் பேச்சிலுள்ள 'தான்' பிரிநிலையையும் தருகிறது, தேற்றத்தையும் தருகிறது. பரீட்சை எதிர்பார்க்கும் ஆங்கிலத்தில் வசன இறுதியில் வரும் 'ஒன்லி' பிரிநிலையையே தரும். உறுதிப்படுத்தும் தேற்றத்தைத் தராது. ஆகவே அந்த வசனத்தை வாசிப்பவர், 'இன்று மட்டுமே வந்தாள், வேறு நாளில் வரவில்லை' என்று விளங்கிக்கொள்வார்.

சொல்லின் இடம் பொருளை ஆள்வது நமக்குப் புதிதல்ல. தினமும் தொழுகையில் ஓதும் சூரா பாத்திஹாவில், அல்லாஹ்வை 'உன்னை' என விளிக்கும் சொல் வினைக்கு முன்னே வருவதால்தான் தமிழில் 'உன்னையே' என்று பொருள் கொள்கிறோம்.

அந்த அக்கா மறுநாள் கடைக்கு வந்தபோது என் தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மருந்து உறையின் மேல் 'இரவில் மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். தோழியரே, ஒருவருக்காக வாசிக்கும்போது 'ஒன்லி' எந்தச் சொல்லோடு நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாய் திறப்போம்.