பார்வை இழந்த நாயும் நாமும்

விவிலியத்தில் தோபித்து நூலைப் படித்தவர்களுக்கு இரண்டு செய்திகள் நினைவிருக்கும். முதியவர் தோபித்தின் கண்களில் வெண்படலம் படர்ந்து பார்வை போனது ஒன்று. அவர் மகன் தோபியா, வானதூதர் இரபேலுடன் பயணம் புறப்பட்டபோது ஒரு நாயும் உடன் சென்றது மற்றொன்று. அந்த நாய்க்கே கண் தெரியாமற்போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? எங்களுக்கு இக்கேள்வி எழக் காரணம், எங்கள் பள்ளியின் காவல் நாய் ஜிம்மி.

ஜிம்மி லாப்ரடார் கலப்பினம், வயது 7. கடந்த ஜூலை மாதத்தில் ஒரு நாள், படுத்திருந்த அதன் முதுகைப் பின்னாலிருந்து தடவிய ஒன்றாம் வகுப்புச் சிறுமியைச் சட்டெனத் திரும்பிக் கவ்வியது. நல்லவேளை, பாவாடை மட்டும் கிழிந்தது. "நாய்க்குக் குணம் கெட்டுவிட்டது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று பெற்றோர் சிலர் கூறினர். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. மதர் அவர்கள் ஒரு வாரத் தவணை கேட்டுக்கொண்டு, கால்நடை மருத்துவரை வரவழைத்தார்.

மருத்துவர் முதலில் ஒரு பஞ்சுத் துண்டை ஜிம்மியின் முகத்துக்கு முன்னால் மேலிருந்து விழவிட்டார். கையை ஆட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்டோம். கை அசையும்போது எழும் காற்றை மீசை மயிர்கள் உணர்ந்துவிடும், அதனால் குருட்டு நாயும் கண் சிமிட்டக்கூடும் என்றார். பஞ்சுக்குச் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை. பார்வையுள்ள நாய் அதைக் கண்ணால் தொடரும். ஜிம்மி தொடரவில்லை. பிறகு வகுப்பறையில் நாற்காலிகளைத் தாறுமாறாகப் போட்டு ஜிம்மியை அழைக்கச் சொன்னார். வெளிச்சத்தில் ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு அழைத்தபோதோ நகர மறுத்து உட்கார்ந்துவிட்டது.

விழித்திரையில் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்களும், பகல் ஒளியில் உதவும் கூம்பு செல்களும் உள்ளன. ஜிம்மிக்கு வந்திருப்பது பெரும்பாலும் பரம்பரையாக வரும் விழித்திரைத் தேய்வு. இதில் குச்சி செல்கள் முதலில் அழிகின்றன; ஆகவே மாலைக்கண் முந்தி வருகிறது. கூம்பு செல்கள் பின்னர் அழியும்போது பகல் பார்வையும் போகிறது. வலி கிடையாது. குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. நாம் பாடத்தில் படிக்கும் மெண்டலின் ஒடுங்கு பண்பு போலவே, இந்நோயின் பல வகைகளில் தாய் தந்தை இரண்டிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் குட்டிக்கு நோய் வரும். இன்று இதற்கு மரபணுச் சோதனை உண்டு.

இதைக் கேட்டபோது எங்களுக்கு வெட்கமாயிருந்தது. சென்ற ஆண்டிலிருந்தே ஜிம்மி இருட்டிய பின் வராந்தாப் படியில் இறங்கத் தயங்கிற்று. நாங்கள் அதைச் சோம்பல் என்றோம். டார்ச் வெளிச்சத்தில் அதன் கண்கள் முன்னைவிட அதிகமாக ஒளிர்வதைக் கண்டு விடுதி மாணவியர் வியந்ததும் உண்டு. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. விழித்திரை மெலிந்து, கண்மணியும் அகல விரிந்துவிட்டதால்தான் அவ்வளவு பிரகாசம்! நாங்கள் வியந்தது நோயின் அடையாளத்தை.

எல்லா நாய்க்கும் காரணம் இதுவே அல்ல. வயதான நாய்களின் கண்ணில் நீலச்சாம்பல் மங்கல் தெரியும். அது பார்வையை அதிகம் கெடுப்பதில்லை. வெள்ளையாகத் தெரியும் கண்புரை வேறு. நீரிழிவு வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏறத்தாழ ஓராண்டுக்குள் கண்புரை வந்துவிடுகிறது. விழித்திரை நன்றாக இருந்தால் அறுவைச் சிகிச்சையால் பார்வை திரும்பலாம். உண்ணிக் காய்ச்சலாலும் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பார்வை போகக்கூடும். எல்லாவற்றிலும் அவசரமானது கண் அழுத்த நோய். கண் சிவந்து, கலங்கி, வீங்கி, நாய் தலையைத் தொடவிடாவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஓரிரு நாள் தாமதித்தாலும் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். தோபித்துக்கு மீனின் பித்தம் பலித்தது இறைவனின் அருள். நாம் வெங்காயச் சாறும், வீட்டில் மீந்த சொட்டு மருந்தும் ஊற்றிப் பார்க்கக் கூடாது. கருவிழியில் புண் இருக்கும்போது சில சொட்டு மருந்துகள் கண்ணையே கெடுத்துவிடும்.

சரி, ஜிம்மியை என்ன செய்தோம்? அனுப்பவில்லை. நாய்க்கு உலகம் பெரும்பாலும் மூக்கில்தான் இருக்கிறது. நமக்குச் சில பத்து லட்சம் மோப்ப செல்கள் என்றால், நாய்க்கு 10 கோடிக்கும் மேல். இடம் மாறாதிருந்தால் அது மனத்திலேயே வரைபடம் போட்டுக்கொள்கிறது. ஆகவே உணவுத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் ஒரே இடத்தில் வைத்தோம். படிகளின் மேலும் கீழும் தேங்காய் நார் மிதியடி போட்டோம். காலில் நார் பட்டதும் படி வருகிறது என்று நான்கே நாளில் கற்றுக்கொண்டது. கிணற்றைச் சுற்றி வலை கட்டினார் தோட்டக்காரத் தாத்தா. லூர்து மாதா கெபியருகே ரோஜாச் செடிகளுக்கு வேலி போடவேண்டியதாயிற்று. பார்வையில்லாத நாய் முள்ளைக் கண்டு கண்ணை மூடாதல்லவா? தூக்கிக்கொண்டு திரிவது மட்டும் தவறு என்றார் மருத்துவர். இறக்கிவிட்ட இடம் எதுவென்று அதற்குத் தெரியாது.

மிக முக்கியமான விதி மனிதருக்கானது: பேசாமல் தொடக் கூடாது. "ஜிம்மி" என்று அழைத்து, காது அசைந்த பின் புறங்கையை முகரக் கொடுத்து, அப்புறமே தடவ வேண்டும். தூங்கும்போது தொடவே கூடாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இதைச் செய்து காட்டியபோது, பாவாடை கிழிந்த அச்சிறுமி தானே முன்வந்தாள். அவள் தாயார் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழைத்தாள், காது அசைந்தது. ஆனாலும் இடைவேளையில் ஜிம்மியைச் சங்கிலியில்தான் வைத்திருக்கிறோம். முந்நூறு சிறுமியர் ஓடும் இடத்தில் எல்லோரும் விதியை நினைவில் வைப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பெற்றோர் நாளன்று முற்றம் முழுவதும் நாற்காலிகள். அதற்கு முன்தினம் மாலை ஜிம்மியை வாரில் பிடித்து வரிசைகளைச் சுற்றி இருமுறை நடத்திக் காட்டினோம். விழா முடிந்து நாற்காலிகளை எடுத்த பிறகும், மூன்று நாள் வரை வெறும் முற்றத்தில் அவை இருந்த இடங்களைச் சுற்றியே நடந்தது ஜிம்மி.