சோதனையும் நம் உரிமையும்

கப்பல் வந்து போகும் ஊரில் பிறந்த நமக்குச் சோதனை என்பது புதிய சொல் அன்று. நம் முன்னோர் முத்துச் சலாபத்திற்குச் சென்ற நாட்களில், கரை சேர்ந்த சிப்பிகளை மூன்று கூறாக்கி இரண்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது, ஒன்று குளியாளிகளுக்கு. வழியில் எவரேனும் சிப்பியைத் திறந்து முத்தை ஒளித்தனரோ என்ற சந்தேகமும் அக்கூறோடு கூடவே இருந்தது. 1961ஆம் ஆண்டோடு சலாபம் நின்றது. பெட்டியைத் திற என்று கேட்பவர் மட்டும் இன்றும் உளர்: சுங்க இலாகாவினர், வனத்துறையினர், போலீசார்.

2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற கப்பல் நம் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. சில மாதங்களிலேயே நின்றும் போயிற்று. அத்தகைய பயணத்தில் நம்மைக் கட்டுப்படுத்துவது 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். பெட்டியில் உள்ளதைப் பயணியே உண்மையாக அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 77ஆம் பிரிவு. ஆகவே, “இதை என் தம்பியிடம் கொடுத்துவிடு அம்மா” என்று தெரிந்தவர் நீட்டும் பொட்டலத்துக்கும் நாமே பொறுப்பு. அதைப் பிரித்துப் பார்த்து வாங்குவது மரியாதைக் குறைவு ஆகாது.

பெட்டியைப் பார்ப்பது வேறு, உடலைச் சோதிப்பது வேறு. இந்த வேற்றுமையைத்தான் பலர் அறியார். நாடு விட்டுச் செல்பவரோ நாட்டுக்குள் வருபவரோ உடலில் எதையும் மறைத்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே அவரைச் சோதிக்கலாம். அப்போது 102ஆம் பிரிவு நமக்குத் துணை நிற்கிறது. “என்னைக் கெசட் பதிவு பெற்ற சுங்க அதிகாரியிடம் அல்லது மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் செல்லுங்கள்” என்று கேட்டால், தேவையற்ற தாமதமின்றி அழைத்துச் செல்ல வேண்டும். தக்க காரணம் இல்லையென்று அவர் கண்டால் உடனே விடுவிப்பார். இரண்டு பேராவது சாட்சிகளாக இருக்கவேண்டும். பெண்ணைப் பெண்ணே சோதிக்கவேண்டும். இதற்கு விதிவிலக்கு கிடையாது. காரணமின்றிச் சோதிக்கச் செய்த சுங்க அதிகாரிக்கே ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு என்கிறது 136ஆம் பிரிவு.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “தவறு செய்யாதவருக்கு இந்தக் கேள்வியெல்லாம் எதற்கு, டீச்சர்?” என்றாள். நல்ல கேள்வி. தவறு செய்யாதவருக்குத்தான் சாட்சியும் பட்டியலும் மிகத் தேவை. பையில் இல்லாத ஒன்று இருந்ததாக எழுதப்பட்டால் அவர் எதைக் காட்டி மறுப்பார்? நேர்மையான அதிகாரிக்கும் அதே பட்டியல்தான் பாதுகாப்பு; பின்னால் எவரும் அவர்மேல் பழி சுமத்த முடியாது.

போதைப்பொருள் தொடர்பான 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவும் இதே போன்ற உரிமையைத் தருகிறது. ஆனால் அது உடற்சோதனைக்கு மட்டுமே. கையிலுள்ள பைக்குப் பொருந்தாது என 2005இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

வீட்டுக்குப் போலீஸ் வந்தால்? 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன்படி அக்கம்பக்கத்து மதிப்புள்ளோர் இருவராவது சாட்சியாக அழைக்கப்படவேண்டும். வீட்டார் உடனிருக்கலாம். சோதனையை ஒலி, ஒளிப்பதிவு செய்யவேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்த ஏற்பாடு. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை மகஜர் என்கிறோம். அதன் நகல் வீட்டாருக்கு உரியது.

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதைக் கேட்டுவிட்டுக் கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள்! அதிகாரியைத் தடுப்பது தனிக் குற்றம். முறை தவறிய சோதனையில் கிடைத்த பொருளைக்கூடச் சாட்சியமாக ஏற்கலாம் என 1973இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே நம் மறுப்பை நிதானமாக வாயால் சொல்லி, அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்பதே வழி.

மகஜரில் கையொப்பமிடுமுன் முழுவதும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால் நீங்கள் உரக்க வாசித்துக் காட்டுங்கள். வரிகளுக்கிடையே வெற்றிடம் கண்டால் அங்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நகல் கைக்கு வந்ததும் அன்றைய தேதியைச் சரிபாருங்கள்.