டிராக்டர் ஒன்று, ஆர்.சி. இரண்டு

அறுவடை நாட்களில் திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் செஞ்சியைக் கடந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர்கள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரிசையாக ஊர்ந்து போகும். நெல், மல்லாட்டை, கரும்பு, செங்கல், எரு என இந்தப் பக்கத்தில் எதை ஏற்ற வேண்டுமானாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெட்டிதான். புது வண்டிக்குக் கையில் காசு இல்லை என்றால் செகண்ட் ஹேண்டில் ஒன்று தேடுவீர்கள். அதில் தப்பே இல்லை. பத்து வருடம் ஓடிய டீசல் டிராக்டர்கூட நல்ல கையில் இருந்திருந்தால் இன்னும் நெடுநாள் உழைக்கும்.

சிக்கல் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும், அதுவும் டிரெய்லரின் காகிதத்தில்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி டிரெய்லர் ஒரு தனி வாகனம். அதற்கு இன்ஜின் கிடையாது, ஆனால் பதிவு எண் உண்டு, ஆர்.சி. உண்டு. அதாவது நீங்கள் வாங்குவது ஒரு வண்டி அல்ல, இரண்டு. விற்பவர் டிராக்டர் ஆர்.சி.யை மட்டும் நீட்டி, "பெட்டி நம்ம ஊரு பட்டறையில கட்டினதுங்க, அதுக்கு எதுக்கு புக்கு?" என்று கேட்டால் அங்கேயே நில்லுங்கள். வாங்கிய பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பதிவுக்குப் போனால் விற்பனைச் சான்று (படிவம் 21), தயாரிப்பாளரின் தகுதிச் சான்று (படிவம் 22) எல்லாம் கேட்பார்கள். எப்போதோ பட்டறையில் கட்டிய பெட்டிக்கு அவற்றை எங்கே போய் வாங்குவது? என்னைக் கேட்டால், ஆர்.சி. இல்லாத பெட்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தாலும் சாலையில் ஓட்டுவதற்காக வாங்கக் கூடாது.

விலை பேசும் முன் வண்டி எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் இணையதளத்திலோ அந்த எண்ணைப் போட்டால் பதிவு செய்த நாள், பதிவு எதுவரை செல்லும், காப்பீடு எப்போது முடிகிறது, கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் பக்கத்தில் அபராத பாக்கியையும் பார்த்துவிடலாம். டிரெய்லர் எண்ணுக்கும் இதையே செய்யுங்கள். பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

டிராக்டரைப் பொறுத்தவரை கடன் பதிவைத் தனியாகவே பார்க்க வேண்டும். "லோன் எப்பவோ கட்டி முடிச்சாச்சு சார்" என்பார் விற்பவர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வங்கிக் கணக்கில் கடன் முடிவது வேறு, ஆர்.சி.யில் கடன் பதிவு நீங்குவது வேறு. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்தப் பதிவு நீங்கும். அது நீங்காதவரை, கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. முழுப் பணத்தையும் அதற்கு முன் கொடுத்துவிடாதீர்கள். அரசு மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் கேளுங்கள். அப்படியானால் விற்பதற்கு நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

செஞ்சிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, புதுச்சேரி. நமக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான், ஆனால் பதிவுக் கணக்கில் வேறு ஆட்சிப் பகுதி. பி.ஒய். எண்ணுள்ள வண்டி என்றால் அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (படிவம் 28) வேண்டும். இங்கே கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேட்டு, சொன்ன விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இனி வண்டியைப் பார்க்கப் போகலாம். காலையில், சொல்லாமல் கொள்ளாமல் போவது நல்லது. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறும்வரை காத்திருந்து, குளிர்ந்த இன்ஜின் எப்படி எடுக்கிறது என்று பாருங்கள். புகை நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது, இன்ஜின் வேலை பக்கத்தில் வந்துவிட்டது. கறுப்புப் புகைக்குக் காரணம் ஏர் ஃபில்டராகவோ இன்ஜெக்டராகவோ இருக்கலாம். அது சரிசெய்யக்கூடியது, விலையைக் குறைக்கக் கேட்கலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. மணி மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், அதை மாற்றிவிட முடியும். கிளட்ச், பிரேக் மிதிகளின் தேய்மானம் அதைவிட உண்மை பேசும். பின் டயர் இரண்டும் தேய்ந்திருந்தால் அந்தச் செலவு சின்னதல்ல.

இழுவைக்கு வாங்குகிறீர்கள் என்பதால் வெறும் டிராக்டரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டி ஓர் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். கிளட்ச் நழுவினால் அங்கே தெரிந்துவிடும். இடது, வலது பிரேக் மிதிகளை இணைக்கும் தாழ்ப்பாள் இருக்கிறதா? சாலையில் அது கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துப் பெட்டியோடு கவிழும். கொக்கியும் பின்னும் தேய்ந்திருக்கிறதா, அச்சில் வெல்டிங் விரிசல் உண்டா, பின்விளக்கும் ஒளிரும் ஸ்டிக்கரும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கோட்டையைப் பார்த்துவிட்டு இருட்டில் திரும்பும் வெளியூர்க்காரருக்கு, விளக்கில்லாத டிரெய்லர் முட்டும்வரை கண்ணில் படாது. சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெட்டிக்கும் சேஸிஸ் எண் உண்டு.

டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்று சொல்லி யாராவது விலையைக் குழப்பினால், அந்தக் கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானது, நமக்கல்ல. இங்கே டிராக்டருக்குப் பதிவு முதலில் 15 ஆண்டுகள், பிறகு சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்கலாம். அந்த 15 ஆண்டு நெருங்கிய வண்டி என்றால் புதுப்பிக்கும் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பேசி முடித்தாயிற்று. இனிமேல்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள், "நமக்கென்ன, தெரிஞ்சவங்கதானே." சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் தன் பகுதிப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கானவை படிவம் 29-உம் 30-உம்தான். விண்ணப்பமும் கட்டணமும் பரிவாகன் தளம் வழியாகவே செலுத்தலாம். உரிமையாளர் இறந்துபோய் வாரிசு விற்கிறார் என்றால் முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாறியிருக்க வேண்டும்.

இதில் விற்பவருக்கும் அக்கறை இருக்க வேண்டும். பலமுறை கைமாறியும் பெயர் மாறாத ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில் (நவீன் குமார் எதிர் விஜய் குமார், 2018), பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் எப்போதோ விற்றுவிட்ட வண்டி அது. இதை விற்பவரிடம் சொல்லுங்கள், மறுநாளே உங்களோடு அலுவலகத்துக்கு வருவார்.

காப்பீட்டைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பாலிசியில் டிரெய்லரின் எண் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கும் பிரீமியம் கட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள். விவசாயப் பயன்பாட்டுக்கான பாலிசியை வைத்துக்கொண்டு வாடகைக்குச் செங்கல் ஏற்றினாலோ, திருவிழாவுக்கு ஆட்களைப் பெட்டியில் ஏற்றினாலோ, விபத்து நடந்தால் நிறுவனம் பணம் தர மறுக்கும். அந்தத் தொகை உங்கள் நிலத்தின் மேல் வந்து நிற்கலாம்.

உழவுக்கு மட்டும், அதுவும் ஒன்றிரண்டு ஏக்கருக்குத்தான் தேவை என்றால் வாங்காமலே சமாளிக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர்களை உழவன் செயலியில் இ-வாடகைப் பகுதி வழியாக மணிக் கணக்கில் வாடகைக்குப் பதிவு செய்யலாம்.