கணினியின் வாயில்களை எண்ணுவோம்



உறங்கச் செல்லுமுன் வீட்டின் கதவுகள் தாழிடப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது நம் வழக்கம். கணினிக்கும் வாயில்கள் உண்டு. அவற்றைப் 'போர்ட்' என்பர். அவை 65,535 வரை எண்ணிடப்பட்டுள்ளன. இணையப் பக்கங்களுக்கு 80, 443 ஆகிய வாயில்களும், விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445ஆம் வாயிலும் பயன்படுகின்றன.

இவற்றுள் எவை திறந்துள்ளன என்று கண்டறியும் மென்பொருள்களுள் புகழ்பெற்றது 'என்மேப்'. இதனைக் கோர்டன் லயன் என்பவர் 1997 செப்டம்பரில் 'ஃபிராக்' என்னும் மின்னிதழில் மூல நிரலோடு வெளியிட்டார். இது ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. இசைவு வந்தால் வாயில் திறந்துள்ளது. மறுப்பு வந்தால் மூடியுள்ளது. விடையே வாராவிடில், பெரும்பாலும் 'ஃபயர்வால்' என்னும் காவலரண் இடையில் நிற்கிறது. மூல நிரல் வெளிப்படையாக இருப்பதால், கருவி செய்வது யாது என்பதை வல்லுநர் எவரும் ஆராய்ந்தறியலாம்.

இத்தகைய தணிக்கையின் தேவையை 2017 மே 12 உலகுக்கு உணர்த்தியது. அன்று பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' என்னும் தீநிரல், 445ஆம் வாயில் திறந்திருந்த கணினிகளைத் தானே தேடிச் சென்றது. பழுது நீக்கப்படாதவற்றுள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பலவற்றின் பணிகள் தடைப்பட்டன. ஆயினும் அப்பழுதை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது! தம் வாயில்களை முன்னரே எண்ணிப் பார்த்து, திருத்தத்தையும் நிறுவியோர் அத்தாக்குதலுக்குத் தப்பினர்.

கள்வனும் தேடுகிறான், காவலனும் தேடுகிறான். இருவரையும் வேறுபடுத்துவது உரியவரின் அனுமதியே. அஜ்மானில் வாழும் நாம் இதனை நன்கு மனங்கொள்ள வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சட்டப்படி, பிறர் கணினியிலோ வலையமைப்பிலோ அனுமதியின்றி நுழைவது தண்டனைக்குரிய குற்றம். 'விளையாட்டாகச் செய்தேன்' என்பது தக்க விடையாகாது. ஆகவே பள்ளியின் வலையமைப்பையோ, அண்டை வீட்டாரின் வைஃபையையோ சோதிக்க முனையாதீர்கள்.

நம் இல்லத்தில் செய்யத்தக்கவை உள. பெற்றோரின் இசைவோடு, அவர்கள் உடனிருக்க, வீட்டு வலையமைப்பில் இணைந்துள்ள கருவிகள் எத்தனை என்று எண்ணுங்கள். அறியாத கருவி ஏதேனும் உளதா? ரவுட்டரும் காமிராவும் ஆலை இட்ட கடவுச்சொல்லோடே உள்ளனவா? மென்பொருள் திருத்தங்கள் நிலுவையில் உள்ளனவா? கண்டவற்றைத் தாளில் எழுதிக் குறைகளை அன்றே களையுங்கள்.

தன் வீட்டுக் கதவைத் தாழிடக் கற்றவனே நாளை நாட்டின் காவலனாவான்!