பவுண்டும் எழுபத்தொன்றாம் கட்டமும்: ஜேசிஎல்லுக்கு வண்ணம் தீட்டுவோர் கவனத்துக்கு

லண்டனின் சிட்டியிலும் கனரி வார்ஃபிலும் வங்கி, காப்பீட்டு மெயின்ஃபிரேம்களைப் பார்த்துக்கொள்ளும் தமிழர்கள் உண்டு. சென்னையில் பச்சைத் திரையில் தொழில் கற்றவர்கள் இன்று விம், விஎஸ் கோட், நோட்பேட் பிளஸ் பிளஸ் என்று விரும்பிய எடிட்டரில் ஜேசிஎல் எழுதுகிறார்கள். அதற்கான வண்ண விதிகளையும் தாங்களே அமைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

ஜேசிஎல்லின் வேர் 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360இல் இருக்கிறது. 80 கட்டத் துளை அட்டையின் சட்டம் அதை இன்னும் விடவில்லை. ஒரு சொல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்தே அதற்குப் பொருள். ஆகவே வண்ணத்தையும் முதலில் இடத்துக்குக் கொடுங்கள், சொல்லுக்கு அப்புறம்.

செய்ய வேண்டியவை

• 71ஆம் கட்டத்தின் ஓரத்தில் நெட்டுக்கோடு ஒன்று போடுங்கள். மேலே சொன்ன மூன்று எடிட்டரிலும் இதற்கு வசதி இருக்கிறது. கட்டளையின் வரம்பு அங்கே முடிகிறது. 72 தொடர்ச்சிக் குறிக்கானது, 73 முதல் 80 வரை வரிசை எண்ணுக்கானது. அந்த எட்டையும் மங்கலாக்குங்கள்.

• கணினி படிக்காததை மங்கலாகக் காட்டுங்கள். எனக்கு மிக முக்கியமான விதி இதுதான். ஒரு டிடி வரியில் கமா விழ வேண்டிய இடத்தில் கைதவறி இடைவெளி விழுந்துவிட்டது என்று வையுங்கள். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் வெறும் குறிப்புரையாகிவிடும். கணினி பிழை என்றும் சொல்லாது. நீங்கள் கேட்ட இடஅளவு கிடைக்காமலே ஜாப் ஓடும், அல்லது நடுராத்திரியில் விழும். முக்கியச் சொற்களை மட்டும் தேடி வண்ணம் பூசும் விதி, அந்தச் செத்த பகுதியையும் பளபளவென்று காட்டி ஏமாற்றும். மேற்கோளுக்கு வெளியே, அளவுருக்களுக்குப் பின் வரும் முதல் இடைவெளியிலிருந்து 71 வரை சாம்பல் நிறமாக்குங்கள். //* என்று தொடங்கும் வரிகளுக்கும் அதே சாம்பல்தான்.

• பெயர்களில் £ குறியை ஏற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் எழுதப்பட்ட விதிகள் $, #, @ மூன்றையே பெயரெழுத்தாக அறியும். ஆனால் மெயின்ஃபிரேம் பார்ப்பது ஹெக்ஸ் 5பி என்ற பைட்டை. அமெரிக்க கோட் பேஜ் 037இல் அது டாலர், பிரிட்டனின் 285இல் அது பவுண்ட். எமுலேட்டரில் 037 வைத்திருக்கும் சென்னைத் தம்பி தொலைபேசியில் "டாலர்" என்று சொல்லும் டேட்டாசெட், லண்டன் திரையில் "பவுண்ட்" என்றுதான் தெரியும். இரண்டும் ஒன்றே. விதிக்கு £ தெரியாவிட்டால் பெயர் பாதியில் நிறம் மாறி, ஏதோ தவறு போலத் தோன்றும். உடனே யாராவது அதை $ என்று "திருத்தி" ஏற்றுவார்கள். 285 வழியாகப் போகும் $ ஹெக்ஸ் 4ஏ ஆகிறது. அது பெயருக்குள் வரத் தகுதியில்லாத பைட், ஜேசிஎல் பிழைதான் மிஞ்சும். லண்டனில் வேலை செய்பவர் இந்த ஒரு குறியை விதியில் சேர்த்தாலே பாதித் தலைவலி போகும்.

• டிடி நட்சத்திரத்துக்குப் பின் வரும் தரவைத் தனிப் பகுதியாகப் பிரியுங்கள். /* வந்தாலோ, அடுத்த // வந்தாலோ அது முடியும். உள்ளே இருப்பது சார்ட் கட்டளையாகவோ எஸ்க்யூஎல்லாகவோ இருக்கும், அதற்கு ஜேசிஎல் நிறம் பூச வேண்டாம்.

• காண்ட் அளவுருவுக்கு வேறெதற்கும் தராத நிறம் ஒன்றைக் கொடுங்கள். (4,எல்டி) என்றால், முந்தைய ரிட்டர்ன் கோடைவிட 4 சிறியதாக இருக்கும்போது அந்த ஸ்டெப்பைத் *தாண்டிப் போ* என்று பொருள். இருபது வருட அனுபவசாலியும் ஒரு கணம் நின்று படிக்க வேண்டிய இடம் அது.

செய்யக்கூடாதவை

• பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பாவிக்காதீர்கள். சிறிய எழுத்தில் அடித்த எக்ஸெக் கட்டளையாகாது. அது நிறமில்லாமல் நிற்பதே எச்சரிக்கை.

• டேப் விசையை அப்படியே விடாதீர்கள், இடைவெளிகளாக மாற்றிவிடுங்கள். தொடர்ச்சி வரியின் அளவுரு 4க்கும் 16க்கும் இடையில் தொடங்கியாக வேண்டும். டேப் கலந்தால் கண்ணுக்குத் தெரியும் கட்டம் ஒன்று, கோப்பில் இருக்கும் கட்டம் வேறொன்று.

• சிவப்பு, பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பி எதையும் குறிக்காதீர்கள். அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத சக ஊழியர் உங்கள் பக்கத்திலேயே இருக்கலாம். தடித்த எழுத்தையோ அடிக்கோட்டையோ கூடவே சேருங்கள்.

• பத்து நிறம் வேண்டாம். ஐந்து போதும்.

• நிறம் சரியாக இருக்கிறதே என்று அப்படியே ஏற்றிவிடாதீர்கள். 2012 ஜூனில் ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளின் இரவு பேட்ச் நின்றுபோனது ஷெட்யூலர் மென்பொருள் மேம்படுத்தலில் நேர்ந்த கோளாறால், ஜேசிஎல் வரியால் அல்ல. ஆனாலும் பேட்ச் தவறினால் என்னாகும் என்பதை இந்த நாடு அன்று பார்த்தது. பிரிட்டனில் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் அவதிப்பட்டார்கள். 2014 நவம்பரில் இரண்டு கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து 5 கோடியே 60 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தன. சம்பளம் வராமல் தவித்தவர்களுக்கு அந்த அபராதம் ஆறுதலாகாது. எனவே திருத்திய ஜாப்பை அனுப்பும் முன், ஜாப் வரியில் டைப்ரன்=ஸ்கேன் சேர்த்து ஒருமுறை சரிபாருங்கள். அப்போது எந்த ஸ்டெப்பும் ஓடாது, தொடரியல் பிழை மட்டும் வெளியே வரும்.