பரோட்டாவுக்குப் போட்டி

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ராத்திரி வந்ததும் பரோட்டாதான் கேட்கிறான். காய் என்றாலே ஒதுக்கி வைக்கிறான். என்ன செய்வது?
– வாசகி, தாராபுரம்

பதில்: பத்து மணி நேரம் நின்று வேலை செய்தவன் கீரைப் பொரியலுக்கா ஏங்குவான்? அவனுக்கு வேண்டியது சூடான, காரசாரமான, வயிறு நிறைகிற சோறு. அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: அரிசிம்பருப்புச் சோறு.

அதைக் கொஞ்சம் மாற்றுங்கள். அரிசியில் பாதிக்குச் சாமை போடுங்கள். துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடத் தாராளமாகச் சேருங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு தாளித்துக் குக்கரில் வேகவிடுங்கள். முருங்கைக்கீரையைத் தனியாக வதக்கி, குக்கரைத் திறந்த பிறகு கிளறினால் பச்சை நிறம் மாறாது. மேலே ஒரு ஸ்பூன் நெய். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

முருங்கைக்குப் பேர் போன மூலனூர் உங்களுக்குப் பக்கம்தான். கோடையில் காய் மலிவு. வேகவைத்துச் சதையை வழித்துப் பருப்பில் கரைத்துவிடுங்கள், அவனுக்குத் தெரியாது. மார்கழி, தையில் முருங்கை விலை ஏறும். அப்போது அவரைக்காய்க்கு மாறுங்கள்.

பரோட்டாவை ஒரேயடியாக நிறுத்த மல்லுக்கு நிற்காதீர்கள். மாதம் இரண்டு முறை சாப்பிடட்டும்; பக்கத்தில் வெங்காயத் தயிர்ப்பச்சடியை நிறைய வையுங்கள்.