கார்டுக்கு முன்னால் கரண்டு

குன்றக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் கார்டு பெயரை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் கடிதம். பத்திரமாக வைத்துக்கொள், கடைக்குப் போகும்போது கையில் இருக்கட்டும்.

சென்னை ரிச்சி தெருவில் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு வாங்கிக்கொண்டு பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வந்து, அம்மாச்சி வீட்டு மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரில் மாட்டப்போவதாகச் சொன்னாய். தாராளமாக வாங்கு. வேலைக்குப் போகிற பையன் லீவில் கேம் விளையாடினால் குடி முழுகிப்போகாது. செலவு செய்யும் வரிசையை மட்டும் நான் சொல்கிறபடி வைத்துக்கொள். முதலில் எர்த், அடுத்து கம்ப்யூட்டருக்குப் பவர் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், அதற்கப்புறம்தான் கார்டு. கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்கு முழுப் பணத்தையும் கொட்டிவிட்டு, தெரியாததை 'இருக்கிறதை வைத்து ஓட்டுவோம்' என்று விடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இப்போது உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ், கேபினட்டோடு சேர்ந்து வந்தது. போன வாரம் மூடியைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் படித்தேன். 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். கீழே கட்டத்துக்குள் பொடி எழுத்தில் +12V என்ற இடத்தில் 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கிப் பார், 192 வாட்தான் வருகிறது. கார்டும் பிராசசரும் தின்பது இந்த 12 வோல்ட் லைனில் இருந்துதான். மிச்சத்தை 3.3, 5 வோல்ட் லைன்களில் காட்டி 450 என்று கூட்டியிருக்கிறான். இத்தனை நாள் இது தாக்குப்பிடித்ததற்குக் காரணம் உன் பழைய ஜிடிஎக்ஸ் 1650. அதற்கு 75 வாட் போதும். அதையும் மதர்போர்டு ஸ்லாட்டே கொடுத்துவிடும், தனி ஒயர் தேவையில்லை.

புதுக் கணக்கைப் பார். 4060 கார்டுக்கு 115 வாட். உன்னுடைய ஐ5-10400எஃப் பிராசசருக்கு 65 வாட் என்று எழுதியிருந்தாலும் முழு வேகத்தில் சற்று நேரம் 134 வரை போகும். மதர்போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 50 என்று வை. கூட்டினால் 300. என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். அதுவே போதும். 850 வாங்கு என்று கடையில் ஆசை காட்டுவார்கள், மயங்காதே. வாட்டை விடத் தரத்தைப் பார்: 12 வோல்ட் லைனில் மட்டும் குறைந்தது 500 வாட்டாவது தர வேண்டும், ஐந்து வருட வாரண்டி இருக்க வேண்டும். 80 பிளஸ் பிராண்ஸ், கோல்டு என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டும் சொல்லும். ஷார்ட் ஆனால் பாதுகாக்குமா என்பதற்கு அது சான்று கிடையாது.

'இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஒரு கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடு. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் முனை 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் தாங்கும். அதாவது 54 வாட். அதிலிருந்து 150 வாட்டுக்கான எட்டு பின் முனைக்கு ஒயர் இழுத்தால் பிளாஸ்டிக் உருகத்தான் செய்யும். 2022-ல் 4090 கார்டு வந்த புதிதில் அதன் பவர் முனை உருகிய படங்களை நீயே எனக்குக் காட்டினாய். அது 450 வாட் கார்டு, முனையைக் கடைசிவரை அழுத்திச் செருகாததை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். உன் கார்டு சின்னதுதான். ஆனாலும் லூஸ் காண்டாக்ட்டில் சூடேறுவது எல்லாவற்றுக்கும் பொது.

அதே பணத்துக்குப் பழைய 3080 கிடைக்கிறது என்றும் சொன்னாய். அது 320 வாட், கேட்பது 750 வாட் எஸ்எம்பிஎஸ். நொடிக்கும் குறைவான நேரத்தில் திடீரென்று அதற்கு மேலும் இழுக்கும். சுமார் எஸ்எம்பிஎஸ் என்றால் விளையாட்டின் நடுவே பொட்டென்று அணைந்துவிடும். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் நின்றபோது இரவும் பகலும் ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. வாரண்டி, பில் இரண்டும் இல்லாத பழைய கார்டு நமக்கு வேண்டாம்.

இப்போது எர்த்துக்கு வருகிறேன். அம்மாச்சி வீட்டு மாடியில் அந்தக் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அது சரியாகிவிடாது. எஸ்எம்பிஎஸ் உள்ளே நுழைகிற இடத்தில் இரைச்சலை வடிக்கச் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் கேபினட் தகரத்தில்தான் முடியும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போகும். இல்லாவிட்டால் தகரத்தில் பாதி வோல்ட்டேஜ், 115 பக்கம், நிற்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. எஸ்எம்பிஎஸ் உள்ளே ஏதாவது பழுதாகி ஃபேஸே தகரத்தைத் தொட்டால் கதை வேறு.

அந்த மாடிப் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது, எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. திறந்து பார்த்துவிட்டேன். பழைய வீடு, மரச்சட்டத்துக்குள் ஓடும் ஒயரிங், ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் போன காலத்தது. வருகிற வாரம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் பெட்டியிலிருந்து மாடிக்குத் தனி எர்த் ஒயர் இழுக்கச் சொல்லியிருக்கிறேன். கொல்லைப் பக்கம் எர்த் குழியில் உப்பும் கரியும் புதிதாகப் போடப்போகிறோம். நம் ஊர்ச் செம்மண் சித்திரையில் கல்லாகிவிடும். காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. துணி துவைத்த தண்ணீரை இனி அந்தக் குழியில் ஊற்றச் சொல்லி அம்மாச்சியிடம் சொல்லிவிட்டேன். கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பரும் ஒன்று போடுகிறோம். இந்தச் செலவு என்னுடையது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பாய். 2024 செப்டம்பரில் நம் சண்முகநாதர் கோயில் யானை சுப்புலட்சுமி கொட்டகையில் தீப்பிடித்துக் காயம்பட்டு இறந்துபோனதே, அப்போது மின்கசிவு என்றுதான் பேசிக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கும்போது ஒயர் ஒரு மூலையில் தன்பாட்டுக்குச் சூடாகும். உன் அம்மாச்சி கீழ் அறையில் தனியாகப் படுக்கிறாள். கம்ப்யூட்டர் இழுப்பது ஒன்றரை ஆம்பியர்தான், அதற்கு ஒயர் தாங்கும். தளர்ந்துபோன பிளக்கும் முறுக்கிவிட்ட ஜாயின்ட்டும்தான் தாங்காது. எனவே பிளக்கையும் மாற்றிவிடுகிறேன். கேம் ஓடவிட்டுத் தூங்கும் பழக்கத்தை நீ விடு.

யூபிஎஸ் விஷயமும் உண்டு. வீட்டில் இருப்பது 600 விஏ. வாட்டில் அது ஏறக்குறைய 360. புதுக் கார்டும் மானிட்டரும் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். கரண்ட் போனால் விளையாட்டைத் தொடராதே, சேவ் செய்து அணை. மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். அது ஸ்கொயர் வேவ். புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்துவராது. இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்கு.

மாட்டும் நாளில் நானும் இருப்பேன், இருந்தாலும் தெரிந்துகொள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடு. எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்கவே கூடாது, உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழைய கார்டை உருவும்முன் ஸ்லாட் ஓரத்துக் கொக்கியை அழுத்து. அதை மறந்து இழுத்து ஸ்லாட்டையே பெயர்த்தவர்கள் உண்டு. கழற்றி மாட்டும் ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் அதன் பெட்டியில் வந்த ஒயரை மட்டும் போடு. முனை பொருந்துகிறதே என்று வேறு கம்பெனி ஒயரைச் செருகினால் பின் வரிசை மாறி டிஸ்க், போர்டு எல்லாம் போகும். கடைசியாக மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகு. உன் பிராசசர் எஃப் வகை, அதில் டிஸ்ப்ளே கிடையாது.

வாங்கும் முன் கேபினட்டுக்குள் அளந்து அனுப்புகிறேன், இரண்டு ஃபேன் கார்டே போதும். பில்லில் இரண்டு பொருளின் சீரியல் நம்பரையும் எழுதச் சொல், இல்லாவிட்டால் வாரண்டிக்கு அலைய வேண்டியிருக்கும்.

கரண்ட் பில்லையும் சொல்லிவிடுகிறேன். 300 வாட், தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். அம்மாச்சிக்கு இலவசமாக வரும் யூனிட்டில் இதுவும் சேரும். ஃபிரேம் ரேட்டை மானிட்டர் அளவுக்குக் கட்டிவை. கார்டும் சூடாகாது, பில்லும் ஏறாது. ஏறினால் கட்ட வேண்டியது நீ.

எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் வாங்கி ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு. 12 வோல்ட் கணக்கைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகு கார்டுக்குப் பணம் கட்டு.

இப்படிக்கு,
உன் மாமா